தாத்தா தொடங்கிய கடையை அப்பா இருக்கும்போதே மூடலாமா? டர்பனிலிருந்து ஒரு பதில்

தங்கச்சி, உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார்விக் சந்திப்புக்குப் பக்கத்தில் உங்கள் தாத்தா 1950களில் தொடங்கிய மசாலாக் கடை. பிற்பாடு பூஜைச் சாமானும் பித்தளைப் பாத்திரமும் சேர்ந்துகொண்டன. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. அண்ணன் பெர்த்தில் குடியேறிவிட்டார், நீங்கள் பீட்டர்மரிட்ஸ்பர்கில் ஆசிரியை. இரண்டு பேருக்கும் கடைக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. ஆறு பேர் வேலை செய்கிறார்கள், அதில் ஒரு அம்மா இருபத்தாறு வருடமாக இருக்கிறார். கடை கடனில் மூழ்கவில்லை, ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது சொற்பம். பேச்சை எடுத்தால் அப்பா, "நான் கண்ணை மூடின பிறகு நீங்கள் கடையை மூடிக்கொள்ளுங்கள்" என்கிறார். கடைக்கு எப்படி விடைகொடுப்பது, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

டர்பனில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். குடும்பக் கடைகள் மூடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அப்பா இருக்கும்போதே, எல்லோருக்கும் கொடுக்கக் கையில் பணம் இருக்கும்போதே, அப்பாவின் கையாலேயே மூடுங்கள். அவர் சொல்லும் வழி எல்லாவற்றிலும் மோசமானது.

காரணம் உணர்ச்சி சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. கடை அப்பாவின் தனிப்பெயரில் நடக்கிறது என்றால், அவர் இறந்தது தெரிந்ததுமே வங்கி கணக்கை நிறுத்திவிடும். இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் ஆஃப் தி ஹைகோர்ட் அலுவலகத்தில் சொத்து விவரம் பதிவாகி, நிர்வாகி நியமனக் கடிதம் வரும்வரை சப்ளையருக்கும் கொடுக்க முடியாது, வெள்ளிக்கிழமைச் சம்பளமும் கொடுக்க முடியாது. சொத்தின் மதிப்பு 2,50,000 ராண்டுக்குள் இருந்தால் எளிய நடைமுறை உண்டு, ஆனால் ஊர் நடுவில் ஒரு கடை என்றால் அந்த எல்லைக்குள் நிற்காது. மாதக்கணக்கில் கதவு பூட்டியிருக்கும், உள்ளே மிளகாய்த்தூள் நிறம் வெளுக்கும். பெரியப்பா, சித்தப்பாவோடு சேர்ந்த கூட்டு வியாபாரம் என்றாலும், வேறு ஏற்பாடு எழுதி வைக்காவிட்டால் இந்த நாட்டுச் சட்டப்படி ஒரு பங்காளியின் மரணத்தோடு அந்தக் கூட்டு கலைந்துவிடும். இருபத்தாறு வருடம் உழைத்த அந்த அம்மா, செத்தவரின் கடன்காரர்கள் வரிசையில் போய் நிற்க வேண்டிவரும். இதை அப்பாவிடம் இப்படியே சொல்லுங்கள். தனக்காக மூடச் சம்மதிக்காதவர், வேலைக்காரர்களுக்காகச் சம்மதிப்பார்.

அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். டர்பனில் நம் ஆட்கள் கடை வைத்திருந்ததே ஒரு வழக்கு நடத்தியது மாதிரிதான். 1897ல் நேட்டாலில் வந்த வியாபார லைசென்ஸ் சட்டம், லைசென்ஸ் அதிகாரி மறுத்தால் கோர்ட்டுக்குப் போக முடியாதபடி கதவை அடைத்தது. கணக்குப் புத்தகத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. 1950ல், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது. டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்தார்கள், நம் ஆட்களின் கடைகள் நிறைந்த கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்தை வருடக்கணக்காகத் தொங்கலில் வைத்தார்கள். நாளைக்கு இடம் இருக்குமா என்று தெரியாததால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடத் தயங்கிய கடைக்காரர்கள் இருந்தார்கள். 1973ல் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் எரிந்தது. 1991ல்தான் குழுப் பகுதிச் சட்டம் ஒழிந்தது. பிறகும் 2009ல், 1934லிருந்து நடக்கும் அதிகாலைச் சந்தையை இடித்துவிட்டு மால் கட்ட மாநகராட்சி திட்டம் போட்டது. வியாபாரிகள் எதிர்த்து நின்றதால் சந்தை பிழைத்தது. 2021 ஜூலைக் கலவரத்தில் பல கடைகள் ஒரே இரவில் காலியானதை நீங்களே பார்த்தீர்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே இருந்த மனிதரிடம் "மூடிவிடலாம்" என்றால், அரசாங்கமும் நெருப்பும் செய்ய முடியாததைப் பிள்ளைகள் செய்கிறார்கள் என்றுதான் அவர் காதில் விழும். அதனால் அந்தச் சொல்லோடு தொடங்காதீர்கள். "எந்தத் தேதி என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அப்பா" என்று தொடங்குங்கள். இதுவரை வந்த தேதிகள் எல்லாம் வேறு யாரோ வைத்தவை. இந்த ஒரு தேதியையாவது அவர் வைக்கட்டும். வேலைக்காரர்களிடம் அவர் வாயாலேயே சொல்லட்டும், சப்ளையருக்கு அவரே போன் போடட்டும். தயவுசெய்து அண்ணன் பெர்த்திலிருந்து வீடியோவில் வந்து முடிவை அறிவிக்க வேண்டாம். அப்பாவோடு தனியாக, ஒரு வேலை நாள் காலையில், கடையிலேயே உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். "கடை" என்று நீங்கள் சொல்வதில் வியாபாரம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, சிஐபிசி எனும் கம்பெனிப் பதிவு அலுவலகத்தில் பதிவான கம்பெனி இருக்கலாம், பலகையில் உள்ள பெயரும் அதன் மசாலாப் பக்குவமும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முடிவு வேறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கையெழுத்தில் முடிக்கப் பார்ப்பதால்தான் குடும்பங்கள் சண்டையிலும் வரியிலும் மாட்டுகின்றன. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் முடிய வேண்டியது வியாபாரம் மட்டும்தான். கட்டடத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு பென்ஷன் என்று ஒன்றும் இருக்காது, கல்லாப்பெட்டிதான் பென்ஷன். கல்லா நின்ற பிறகு அவர் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மெடிக்கல் எய்டுக்கும் மாதம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கட்டடத்தை வாடகைக்கு விட்டால் வரும் பணம் அதை ஈடுகட்டுமா என்பதுதான் உங்கள் முதல் கணக்கு.

அந்தக் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது? கேட்டால் எல்லாரும் "அப்பா பெயரில்தான்" என்பார்கள். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் தாத்தா பெயரிலேயே இருக்கும், அல்லது எப்போதோ மறைந்த பெரியப்பாவுக்கும் பாதி இருக்கும், அல்லது கம்பெனி பெயரில் இருக்கும். பீட்டர்மரிட்ஸ்பர்கில் நீங்கள் இருக்கும் ஊரிலேயே பத்திரப் பதிவு அலுவலகம் இருக்கிறது. குவாசுலு நேட்டால் முழுக்க உள்ள சொத்துகளின் பதிவு அங்கேதான், சிறு கட்டணத்துக்குத் தேடித் தருவார்கள். தாத்தா பெயரில் இருந்தால் முதலில் தாத்தாவின் எஸ்டேட் (அவர் விட்டுச்சென்ற சொத்து) விவகாரத்தையே முடிக்க வேண்டும். அதற்குப் பெரியப்பா பிள்ளைகளின் கையெழுத்தும் வேண்டியிருக்கும், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கம்பெனி பெயரில் இருந்தால் மிகவும் கவனம். வருடாந்தர அறிக்கையை இரண்டு வருடம், அதற்கு மேல் தொடர்ந்து தாக்கல் செய்யாத கம்பெனிகளை சிஐபிசி தானாகவே பதிவிலிருந்து நீக்கத் தொடங்கும். சி.சி. (குளோஸ் கார்ப்பரேஷன்) எனும் பழைய வகைச் சிறு நிறுவனங்களுக்கும் இதே கதிதான். நீக்கப்பட்ட கம்பெனியின் பெயரில் கட்டடம் நின்றால், உரிமையாளர் இல்லாத சொத்தாக அது அரசாங்கத்துக்குப் போகும். மனுப் போட்டு மீட்கலாம், ஆனால் அலைச்சலும் செலவும் அதிகம். "வியாபாரம்தான் இல்லையே, கம்பெனியையும் ரத்து செய்துவிடலாம்" என்று யாராவது நல்லெண்ணத்தில் சொன்னால், கட்டடம் வெளியே வரும்வரை செய்யாதீர்கள். அதை அப்பா பெயருக்கு மாற்ற அவசரப்படவும் வேண்டாம். மாற்றினால் கம்பெனி மூலதன ஆதாய வரி கட்ட வேண்டும், அப்பா கைக்கு வரும்போது 20 சதவீதம் டிவிடெண்ட் வரியும் சேரும். கம்பெனியை வாடகை வாங்கும் கம்பெனியாக அப்படியே வைத்துக்கொள்வதே பல குடும்பங்களுக்கு நல்லது. விற்றே ஆக வேண்டும் என்றால் வீட்டில் பழைய மதிப்பீட்டுத் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். மூலதன ஆதாய வரி இங்கே 2001 அக்டோபர் 1ல்தான் தொடங்கியது, அதற்கு முன் ஏறிய மதிப்புக்கு வரி இல்லை. சிறு வியாபாரத்தைத் தன் பெயரில் வைத்திருந்து 55 வயதுக்குப் பிறகு விற்பவருக்குத் தனிச் சலுகையும் உண்டு. அதன் தொகையையும் நிபந்தனைகளையும் விற்கும் வருடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு விடுவதென்றால் ஒரு நாள்கூடக் காலியாக விடாதீர்கள். ஊர் நடுவில் காலிக் கட்டடத்துக்குள் ஆள் புகுந்து குடியேறிவிட்டால், 1998ன் வெளியேற்றச் சட்டப்படி கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது. கட்டடம் காலி என்று தெரிவிக்காவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கைவிரிக்கலாம். கலவரச் சேதத்துக்கு ஈடு தரும் சாஸ்ரியா பாலிசி தனியாக நிற்காது, சாதாரண பாலிசியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த பாலிசி விட்டுப்போனால் இதுவும் போய்விடும். கடையை மூடிய மாதத்தில் தவணையை மறந்துவிடுவது சகஜம்.

இனி, இந்தப் பதிலில் நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம், வேலை செய்கிறவர்கள்.

ஷட்டரில் "கடை மூடப்படுகிறது" என்று தாள் ஒட்டிய பிறகு அவர்கள் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. அப்படிச் செய்வது மனிதத் தன்மையும் இல்லை, சட்டப்படியும் தப்பு. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, ஆட்குறைப்பு பற்றி யோசிக்கும் கட்டத்திலேயே எழுத்தில் தெரிவித்து அவர்களைக் கலந்துபேச அழைக்க வேண்டும் என்கிறது. ஏன் மூடுகிறோம், வேறு என்ன வழிகளை யோசித்தோம், எப்போது, எவ்வளவு தருவோம் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். அப்பா அந்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் சுலுவில் வாயாலும் சொல்லட்டும். இத்தனை வருடம் அவர்களோடு சுலுவில் பேசி வியாபாரம் செய்தவர், இதை மட்டும் ஆங்கிலக் கடிதத்தில் நீட்டினால் நன்றாக இருக்காது. முடிவு எடுத்துவிட்டு ஒப்புக்குக் கலந்துபேசினால் விவகாரம் சிசிஎம்ஏ எனும் தொழிலாளர் தகராறு ஆணையத்துக்குப் போகும், போவதும் நியாயமே.

கொடுக்க வேண்டிய பணம் இது: ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு நான்கு வார நோட்டீஸ், அல்லது அந்தச் சம்பளம். எடுக்காத வருட விடுப்புக்கான பணம். முழுதாக முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். அந்த அம்மா வாரம் 1,500 ராண்ட் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால் இருபத்தாறு வருடத்துக்கு 39,000 ராண்ட். இது சட்டம் சொல்லும் கீழ்மட்டம். உங்கள் கடையின் கரம் மசாலாவை வறுக்கும் பதம் அந்தக் கையில்தான் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கீழ்மட்டத்தோடு நிறுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வருடத்துக்கு இரண்டு வாரம் என்று கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும், அவர்களும் உங்களைப் போன்ற சாதாரணக் கடைக்காரர்கள்தான். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஒரு எல்லை வரை வருமான வரி கிடையாது. 2023 மார்ச்சில் அந்த எல்லை 5,50,000 ராண்டாக உயர்ந்தது, வாழ்நாள் கணக்கில். அதனால் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது அவர் கைக்கு முழுசாகப் போகும். ஆனால் கொடுப்பதற்கு முன் வரித் துறையான சார்ஸிடம் வரி உத்தரவு வாங்க வேண்டும், அதைக் கணக்காளர் செய்துதருவார்.

பணத்தோடு, வேலையிழப்புக் காப்பீட்டு நிதிக்கான (யுஐஎஃப்) யுஐ-19 படிவமும் சேவைச் சான்றிதழும் அவர்கள் கையில் போக வேண்டும். யுஐ-19 இல்லாவிட்டால் யுஐஎஃப் உதவித்தொகை கேட்டு லேபர் ஆபீஸில் நிற்பவர் திரும்பித் திரும்பி அனுப்பப்படுவார். அப்போது கடை பூட்டியிருக்கும், கேட்க ஆளிருக்காது. ஆறு பேரில் யாருக்காவது யுஐஎஃப் பிடிக்காமல் இருந்திருந்தால், தீபாவளி வேலைக்கு என்று வந்து பிறகு வருடக்கணக்காகத் தங்கிவிட்டவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு, மூடுவதற்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். கடைசிச் சம்பளத்தை எடுத்து வைத்த பிறகுதான் குடும்பத்துக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க வேண்டும். மாறிச் செய்யும் வீடுகளை நான் மரியாதையோடு நினைப்பதில்லை.

வேறு ஒருவர் நடத்தலாமே என்ற யோசனையும் அந்தக் கலந்துபேச்சில் வரலாம். வரட்டும். அரைவை இயந்திரத்தையும் பை ஒட்டும் மெஷினையும் வேலை செய்தவர்களே குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டு சந்தையில் சிறு கடை போட விரும்பினால், இழப்பீட்டோடு சேர்த்து அதையும் பேசுங்கள், இழப்பீட்டுக்குப் பதிலாக அல்ல. முழு வியாபாரத்தையும் நடக்கிற நிலையிலேயே வெளியாள் வாங்க வந்தால், அதே தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி ஆறு பேரும் பழைய சேவை வருடங்களோடு தானாகவே புது முதலாளியிடம் போவார்கள். "ஆட்கள் வேண்டாம், கடை மட்டும் போதும்" என்று வாங்குபவர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், அது உங்கள் தலையில் விடியும். இப்படி நடக்கிற வியாபாரமாக விற்கும்போது, இரண்டு பேரும் வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவு உள்ளவர்களாக இருந்து, ஒப்பந்தத்தில் அப்படியே எழுதிக்கொண்டால், வாட் பூஜ்ய விகிதம்தான். உணவுக் கடைக்கான சுகாதாரச் சான்றிதழ் மட்டும் கைமாறாது, புதியவர் தன் பெயரில் வாங்க வேண்டும்.

விற்பதில் பலரும் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. வியாபாரத்தையோ, சரக்கு மொத்தத்தையுமோ ஒரே ஆளுக்குத் தள்ளிவிடுவது இன்சால்வென்சி சட்டத்தின் 34ஆம் பிரிவுக்குள் வரும். கைமாற்றுவதற்கு முன் 30 நாளுக்குக் குறையாமல், 60 நாளுக்கு மிகாமல் அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை கடன்காரர்களைப் பொறுத்தவரை அந்த விற்பனை செல்லாது. கிழங்கு மஞ்சள் முதல் குத்துவிளக்கு வரை "லாட்டாக எடுத்துக்கொள்கிறேன்" என்று ரொக்கத்தோடு வருபவர் இதைப் பற்றிப் பேசமாட்டார்.

லாட்டாகக் கொடுக்காமல் நீங்களே விற்றுத் தீர்ப்பது நல்லது, அதற்கு ஏற்ற காலமும் இருக்கிறது. நம் ஊரில் புரட்டாசியில் வீடுகள் மாமிசத்தை விட்டுப் பருப்புக்கும் காய்க்கும் மாறும், பூஜைச் சாமானும் போகும். அடுத்து தீபாவளி, பலகாரமும் விளக்கும். அந்த இரண்டு மாத வியாபாரம் கிடங்கைப் பாதி காலிசெய்துவிடும். ஆடியில் கூழ் ஊற்றுவதற்கு வாங்க வரும்போதே பழைய வாடிக்கையாளர்களுக்குச் சேதி போகட்டும். ஆனால் டிசம்பரில் மூடாதீர்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறவர் கையில் ஆட்குறைப்புக் கடிதத்தோடு போகக்கூடாது. பிப்ரவரிக் கடைசி நல்ல தேதி. தனிநபர் வரி வருடம் அன்றோடு முடிகிறது, அடுத்த வருடத்துக்கு ஒரு துண்டுக் கணக்கு இழுக்காது. மிளகாய், மல்லி, சீரகம் கொள்முதலை நவம்பரில் குறைக்கத் தொடங்குங்கள், ஆனால் அலமாரியை மொட்டையாக விடாதீர்கள். கடைசி வாரம் வரை ஒரு பாக்கெட் மீன் மசாலாவாவது கேட்டவர்க்குக் கிடைக்க வேண்டும்.

வாட் பதிவை ரத்து செய்யும் நாளில் மிஞ்சிய சரக்கை நீங்களே உங்களுக்கு விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2,30,000 ராண்டுக்கு வாங்கிய மசாலாவும் விளக்கும் கிடங்கில் இருந்தால் அதில் 30,000 ராண்ட் சார்ஸுக்குப் போகும். பருப்பும் அரிசியும் பூஜ்ய விகிதத்தில் இருப்பதால் இந்தக் கணக்கில் சேராது. கட்டடமும் அதே வாட் கணக்குக்குள் இருந்தால் அதன் மேலும் வரி விழலாம். அதனால் ரத்து விண்ணப்பத்துக்கு முன் கணக்காளரோடு உட்காருங்கள், அது வாடகைக்குத் தொடர வேண்டிய பதிவாகவும் இருக்கலாம்.

பற்று நோட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சாதாரணக் கடன் மூன்று வருடத்தில் காலாவதியாகும், அதற்கு முன் கடன்பட்டவர் ஒப்புக்கொண்டாலோ கொஞ்சம் கட்டினாலோ புதிதாக எண்ணப்படும். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் வயசான வாடிக்கையாளர்களிடம் சில்லறைப் பாக்கிக்காக ஆள் அனுப்ப வேண்டாம், அப்பாவும் சம்மதிக்கமாட்டார். உணவுக்கடைக்காரர்களும் கல்யாணச் சமையல்காரர்களும் வைத்திருக்கும் பெரிய பாக்கிகளை மட்டும் இப்போதே எழுதி வாங்குங்கள். மூடப்போவது தெரிந்த பிறகு பாக்கி கொடுப்பவர் அபூர்வம்.

எதிர்ப்பக்கத்தில், லே-பையில், அதாவது பொருளைக் கடையில் ஒதுக்கிவைத்துத் தவணையில், பணம் கட்டிவரும் பித்தளை விளக்குகள் இருக்கின்றன என்றீர்களே, அதைத் தனி நோட்டில் எழுதுங்கள். அந்தப் பொருள் கைமாறும் வரை பொறுப்பு கடையுடையது. உங்கள் காரணத்தால் கொடுக்க முடியாமல் போனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டிய பணத்தைப் போல இரண்டு மடங்கு திருப்ப வேண்டியிருக்கும். மகள் கல்யாணத்துக்கு என்று மாதாமாதம் கட்டியவருக்கு விளக்கையே கொடுத்துவிடுங்கள், மிச்சத் தவணை சிறிதென்றால் தள்ளுபடி செய்தும் கொடுக்கலாம்.

அப்பாவோ அம்மாவோ எங்கெங்கே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை அவர்களே மறந்திருப்பார்கள். வங்கி ஓவர்டிராஃப்ட், இறக்குமதியாளரின் கடன் கணக்கு, வேன் வாங்கிய கடன், இப்படி ஒவ்வொன்றுக்கும் பணத்தைத் தீர்த்துவிட்டு ஜாமீனிலிருந்து விடுவித்ததாக எழுத்தில் வாங்குங்கள். கம்பெனி போனாலும் ஜாமீன் போகாது.

பெயர் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கண்டிப்பானது. கடையை வாங்குபவர் பலகையும் சேர்த்துக் கேட்பார், அதற்குத்தான் கூடுதல் விலையும் சொல்வார். விற்காதீர்கள். அடுத்த வருடம் அந்தப் பெயர் போட்ட பாக்கெட்டில் சோளமாவு கலந்த மஞ்சள் வந்தால், ஜோஹன்னஸ்பர்கிலும் சிட்னியிலும் இருக்கும் உறவுகள் உங்கள் அப்பாவிடம்தான் கேட்பார்கள். தாத்தா பெயர் அது. சொந்தத்தில் யாராவது எடுத்து நடத்தினால் வேறு, அப்போதும் எந்தப் பொருளுக்கு, எத்தனை வருடம் என்று எழுத்தில் கொடுங்கள்.

பக்குவம் எழுத்தில் இல்லை என்றீர்கள். அப்பா கை அளவில் போடுகிறார், அந்த அம்மா வாசனையில் வறுக்கிறார். சரக்கு தீரும் முன்பே இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து, ஒவ்வொரு கலவையையும் எடைபோட்டு எழுதுங்கள். மிளகாய் எந்த ரகம், கறிவேப்பிலை எப்போது சேர்ப்பது, வறுத்தபின் எவ்வளவு நேரம் ஆறவிட்டு அரைப்பது என்பது வரை. கிடங்கு காலியான பிறகு இதை நினைவிலிருந்து எடுக்க முடியாது. ஒரு பிரதி அந்த அம்மாவுக்கும் போகட்டும், அது அவர் உழைப்பும்தான். அதோடு சாமி படங்களையும் தாத்தா காலத்துத் தராசையும் சரக்கு ஏலம், சுத்தம் செய்வது எல்லாம் தொடங்கும் முன்பே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்தக் குழப்பத்தில் தொலைவது எப்போதும் இவைதான்.

மூடிய பிறகும் கணக்குத் தாள்களை எறியக்கூடாது. வரிச் சம்பந்தப்பட்டவை ஐந்து வருடம், கம்பெனி ஆவணங்கள் ஏழு வருடம். அதைத் தாண்டிய பழைய பேரேடுகள், லைசென்ஸ்கள், குழுப் பகுதிக் காலத்து நோட்டீஸ்கள், சப்ளையர் கடிதங்கள் இருந்தால் எரிக்காதீர்கள். டர்பனில் நம் ஆட்களின் வரலாற்றைக் காக்கும் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது, குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதுலி ஆவணக் காப்பகம் இருக்கிறது. பெரிய தலைவர்களின் தாள்கள் கிடைத்த அளவுக்கு, ஒரு மசாலாக் கடை எந்த வருடம் எந்த மாதிரிச் சரக்கை என்ன விலைக்கு யாரிடம் வாங்கியது என்ற தாள்கள் கிடைப்பதில்லை. கொடுக்கும் முன் வாடிக்கையாளர்களின் அடையாள எண்ணும் கடன் விவரமும் உள்ள பக்கங்களைத் தனியே எடுத்துவிடுங்கள், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்கிறது.

நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே வேலைதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடி வாங்குங்கள். சிஐபிசி தளத்தில் கடையின் பெயரைப் போட்டு, பதிவு உயிரோடு இருக்கிறதா, இயக்குநர்களாக யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நீக்கும் கட்டத்துக்கு வந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அன்றே நிலுவை அறிக்கைகளைத் தாக்கல் செய்யுங்கள். அந்த இரண்டு தாளும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், கட்டடம் தாத்தா பெயரிலா, அப்பா பெயரிலா, கம்பெனி பெயரிலா என்பதைப் பொறுத்து அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.